நன்னன் மலைநாடு: திருவண்ணாமலையிலிருந்து மேற்கே ஒரு பயணம்

சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோரின் பயணம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். இரவில் கிரிவலம், விடிந்ததும் தரிசனம், மதியம் ஒரு சாப்பாடு, பிறகு பஸ். அண்ணாமலையைப் பார்த்த கண்கள் அதற்கு அப்பால் மேற்கிலும் வடமேற்கிலும் நீலமாகத் தெரியும் மலைத்தொடரைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் பெயர் கேட்பதில்லை. அந்தத் தொடர்தான் ஜவ்வாது மலை. அதன் அடிவாரத்தில் செங்கம், இடையில் பர்வதமலை, நடுவே செய்யாறு. சங்க காலத்தில் நன்னன் என்ற குறுநில மன்னன் ஆண்ட நாடு இது.

இந்த நாட்டுக்குப் பழைய வழிகாட்டி நூல் ஒன்று உண்டு. பத்துப்பாட்டில் கடைசியாக வைக்கப்பட்டிருக்கும் மலைபடுகடாம், 583 அடிகளில், கூத்தர் கூட்டம் ஒன்றை நன்னனின் ஊருக்கு ஆற்றுப்படுத்துகிறது. பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். மன்னனைப் புகழ்வது நோக்கமென்றாலும், புலவர் வழியைச் சொல்வதில்தான் அதிக அடிகளைச் செலவிட்டிருக்கிறார். எங்கே பாசி படிந்து வழுக்கும், எதைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்பவர்கள் எறியும் கவண்கல்லுக்கு எப்படி மரத்தின் பின்னால் ஒதுங்க வேண்டும், இரவில் எங்கே தங்க வேண்டும், எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். வழி பிரியும் இடங்களில் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும் என்றுகூடச் சொல்லியிருக்கிறார். 1889-இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்த பிறகு இந்த நூல் பல உரைகளோடு மலிவு விலையில் கிடைக்கிறது. புறப்படுவதற்கு முன் ஓர் உரைப்பதிப்பை வாங்கிப் படிப்பது, எந்தச் செயலியைத் தரவிறக்குவதையும்விடப் பயனுள்ள முதல் ஏற்பாடு.

மலைநாட்டுப் பயணத்தைத் திட்டமிடும்போது முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இந்த மலையை அணுகும் முறை என்ன என்பதுதான். எல்லா மலையும் ஏறுவதற்கில்லை. கயிலை மலையை 52 கிலோமீட்டர் சுற்றி வருகிறார்கள். யாரும் உச்சிக்குப் போவதில்லை. பூட்டான் 2003 முதல் மலையேற்றத்தையே முழுவதுமாகத் தடை செய்திருக்கிறது. மலைகள் தெய்வங்களின் இருப்பிடம் என்ற மக்களின் நம்பிக்கை அதற்கு ஒரு முக்கியக் காரணம். திருவண்ணாமலை வட்டாரத்திலும் இதே வேறுபாடு ஊர் மக்களின் வழக்கத்தில் தெளிவாக இருக்கிறது. அண்ணாமலை சுற்றி வர வேண்டிய மலை. பர்வதமலை ஏற வேண்டிய மலை. ஜவ்வாது மலையோ தங்கிப் பார்க்க வேண்டிய மலை. இதை மாற்றிச் செய்யும்போதுதான் சிக்கல் வருகிறது: அண்ணாமலை உச்சிக்கு அனுமதியில்லாமல் ஏறி வழி தெரியாமல் தவிப்பவர்களும், ஜவ்வாது மலையை ஒரு பகலில் காரில் சுற்றிவிட்டு ஒன்றுமே இல்லையே என்று திரும்புகிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளாமல் கிளம்பியவர்கள்தான்.

காலம் எது? ஜனவரி, பிப்ரவரி இரண்டும் சிறந்த மாதங்கள். மழை ஓய்ந்திருக்கும், ஏரிகளில் தண்ணீர் நிற்கும், வெயில் இன்னும் கடுமையாகியிருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் அண்ணாமலையின் பாறைகள் விடும் வெக்கை இரவு பத்து மணிக்கும் அடங்காது. ஆனால் அப்போதும் ஜவ்வாது மலையில் மாலைக் காற்று இதமாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை வடகிழக்குப் பருவமழை. இந்தக் காலத்தை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையின் சரிவில் உள்ள வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து, குழந்தைகள் ஐவர் உட்பட ஏழு பேர் உயிரிழந்தார்கள். மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு கார்த்திகை தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. வானிலை மையம் எச்சரிக்கை விடுத்த நாட்களில் மலைப்பகுதிப் பயணத்தைத் தள்ளி வைப்பது கோழைத்தனம் ஆகாது.

இன்னொரு நாட்காட்டியும் உண்டு. பௌர்ணமி நாட்களில் நகரத்துக்குள் லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். கார்த்திகை தீபத் திருவிழாவில் அதைப்போல் பல மடங்கு. அந்தக் கூட்டத்தில் நடப்பதே ஒரு பக்தி அனுபவம் என்பவர்கள் அந்த நாட்களிலேயே வரட்டும். ஆனால் மலைநாட்டையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் பௌர்ணமிக்கு முந்தைய, பிந்தைய இரண்டு மூன்று நாட்களைத் தவிர்க்க வேண்டும். அறை கிடைக்காது, கிடைத்தால் வாடகை இரட்டிப்பாகியிருக்கும், பஸ்கள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களிலேயே நிறுத்தப்படும்.

சென்னையிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர், பெங்களூருவிலிருந்து சுமார் 200. கிளாம்பாக்கத்திலிருந்து பஸ்கள் தொடர்ந்து உண்டு. ரயிலை விரும்புவோருக்கு, சென்னை கடற்கரை – வேலூர் கண்டோன்மென்ட் ரயில் 2024 மே மாதத்திலிருந்து திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

நகரத்துக்கு முதல் நாளை முழுதாக ஒதுக்க வேண்டும். அருணாசலேசுவரர் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் 217 அடி உயரம், பதினொரு நிலை. கிருஷ்ணதேவராயர் தொடங்கிய பணியைத் தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் நிறைவு செய்தார். எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது அதைத்தான். அதைத் தாண்டி உள்ளே வந்தால் இருக்கும் வல்லாள மகாராஜன் கோபுரத்தில் கொஞ்சம் நின்று போகலாம். போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் 14-ஆம் நூற்றாண்டில் இந்த ஊரையே தன் தலைநகரங்களில் ஒன்றாக வைத்திருந்தவன். பிள்ளையில்லாத அவனுக்கு அண்ணாமலையாரே மகனாக வந்தார் என்பது தலவரலாறு. அதனால் இன்றும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, வல்லாளனுக்குத் திதி கொடுக்கிறார். ஒரு மன்னனுக்கு இறைவன் பிள்ளைக் கடன் தீர்க்கும் இந்தச் சடங்கைக் காண வாய்ப்பிருந்தால், மற்ற எல்லாத் திட்டங்களையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். எட்டு லிங்கங்களிலும் நின்று கும்பிட்டு, ஆதி அண்ணாமலை கோயிலில் கொஞ்சம் உட்கார்ந்து போனாலும் நான்கைந்து மணி நேரம் தாராளமாகப் போதும். பெரும்பாலோர் வெறுங்காலோடு நடக்கிறார்கள். பழக்கமில்லாதவர்கள் அமாவாசை முடிந்த சாதாரண வாரநாள் ஒன்றில், கூட்டமில்லாதபோது முயல்வது நல்லது. 2,668 அடி உயர மலை நடக்க நடக்க வடிவம் மாறிக்கொண்டே வருவதை அப்போதுதான் நிதானமாகப் பார்க்க முடியும்.

மலையின் மேல் பகுதி காப்புக்காடு. உச்சிக்குப் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆனால் மலையோடு நெருங்கியிருக்க விரும்புவோர் மனம் தளர வேண்டியதில்லை: ரமணாசிரமத்தின் பின்பக்கத்திலிருந்து கல்பாவிய பாதை ஒன்று கந்தாசிரமத்துக்குப் போகிறது. 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி பதினாறு வயதில் திருவண்ணாமலை வந்து சேர்ந்த ரமணர், விரூபாட்ச குகையில் பல ஆண்டுகளும் 1916 முதல் 1922 வரை கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார். அங்கிருந்து பார்த்தால் கோயிலின் பிராகாரங்களும் கோபுரங்களும் வரைபடம் விரித்ததுபோல் முழுதாகத் தெரியும். காலையில் போனால் ஏற்றம் நிழலில் இருக்காது என்பதால் தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

இரண்டாம் நாள் பர்வதமலை. திருவண்ணாமலைக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில், கலசப்பாக்கம் வட்டத்தில் தனியாக நிமிர்ந்து நிற்கிறது. மலைபடுகடாம் நவிரமலை என்று சொல்வதும், அதில் நஞ்சுண்ட கடவுள் உறைவதாகச் சொல்வதும் இந்த மலையைத்தான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. இன்று உச்சியில் மல்லிகார்ச்சுனரும் பிரம்மராம்பிகையும் இருக்கிறார்கள். ஏறுவதற்கு இரண்டு வழிகள்: தென்மாதிமங்கலம் வழி, கடலாடி வழி. முதல்முறை வருகிறவர்கள் தென்மாதிமங்கலம் பக்கத்திலிருந்து ஏறுவதே நல்லது. அங்கே பாதி மலை வரை படிகள் உண்டு.

படிகள் முடிந்த பிறகுதான் உண்மையான மலை தொடங்குகிறது. பாறையில் அறைந்த கடப்பாரைகளையும் சங்கிலிகளையும் பிடித்துக்கொண்டு, சில இடங்களில் இரும்பு ஏணியில் கால் வைத்து ஏற வேண்டும். உயரம் என்றால் தலைசுற்றுபவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள், சிறு குழந்தைகளைத் தூக்கி வருபவர்கள் படிகளோடு திரும்பிவிடுவதில் குறைவொன்றுமில்லை. இங்கே ஏற வருகிறவர்கள் அடிக்கடி செய்வது இரவில் டார்ச் வெளிச்சத்தில் ஏறுவது. வெயிலுக்குப் பயந்து தொடங்கிய பழக்கம் அது. வழி தவறியும் கால் இடறியும் விபத்துகள் நடந்திருக்கின்றன. வனத்துறை ஏறும் நேரத்துக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அடிவாரச் சோதனைச் சாவடியில் அன்றைய நேரத்தைக் கேட்டு, விடிந்ததும் ஏறி, பொழுது சாய்வதற்கு வெகு முன்பே இறங்கிவிட வேண்டும். இருட்டினால் நடக்காமல் குகையில் தங்குங்கள் என்று பெருங்கௌசிகனார் கூத்தர்களுக்குச் சொன்னதும் இந்த எச்சரிக்கைதான். மேலே தண்ணீரை நம்ப முடியாது. ஆளுக்கு மூன்று லிட்டராவது வேண்டும். பையில் வெளியே தெரியும்படி எதையும் வைத்தால் குரங்குகள் விடாது. இரண்டு கைகளும் சங்கிலிக்கு வேண்டும் என்பதால் தோள்பையைத் தவிர வேறு மூட்டை கூடாது.

பர்வதமலை ஏறிய மறுநாள் கால்கள் பேசும். அந்த நாளைச் செங்கத்துக்கு வைத்துக்கொள்வது சரியான கணக்கு. திருவண்ணாமலையிலிருந்து பெங்களூரு சாலையில் சுமார் 35 கிலோமீட்டர். நன்னனின் தலைநகரான செங்கண்மா இதுதான். கூத்தர்கள் செய்யாற்றின் கரையைப் பிடித்துக்கொண்டே நடந்து ஊருக்குள் நுழைந்தார்கள். இன்றும் ஆறு ஊரை ஒட்டித்தான் ஓடுகிறது, மழைக்காலம் கழிந்தால் பெரும்பாலும் மணலாக.

ஊருக்குள் வேணுகோபால பார்த்தசாரதி கோயிலுக்கு முதலில் போக வேண்டும். மண்டபத்தின் விதானத்தில் நாயக்கர் கால இராமாயண ஓவியங்கள். காலமும் புகையும் தின்றது போக மீதமிருப்பதே போதும்: நிற்கும் நிலையும் கையசைவும் உடையின் மடிப்பும் ஒவ்வொரு கட்டத்திலும் கதையை நகர்த்திக்கொண்டே போகின்றன. கழுத்து வலிக்கும், தரையில் ஒரு துண்டு விரித்துப் படுத்துப் பார்க்க அனுமதி கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. ஃபிளாஷ் போட்டுப் படமெடுக்கக் கூடாது. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலை ஒன்பது மணிக்குள் அங்கே இருப்பது நல்லது.

ஆனால் செங்கத்தின் பெருஞ்செல்வம் கோயிலுக்குள் இல்லை. வயல்களிலும் புளியந்தோப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கிறது. ஆநிரை கவரவும் மீட்கவும் போரிட்டு மாண்ட வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் இந்த வட்டாரத்தில் கிடைத்த அளவுக்குத் தமிழ்நாட்டின் வேறு பகுதிகளில் கிடைத்தது அரிது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலே வெளியிட்டது. பெரும்பாலானவை பல்லவர் காலத்தவை, வட்டெழுத்தில் பொறித்தவை. மலைபடுகடாமும் வழியில் பெயர் பொறித்த நடுகற்கள் நிற்பதைச் சொல்லி, அவற்றை வணங்கி யாழிசைத்துவிட்டுப் போகச் சொல்கிறது. இலக்கியம் ஓரிடத்தைச் சொல்ல, அந்த இடத்திலேயே சில நூற்றாண்டுகள் கழித்தும் அந்த வழக்கம் கல்லில் தொடர்ந்ததைப் பயணி தன் கண்ணால் பார்க்க முடிகிற இடங்கள் அதிகமில்லை.

இவற்றில் எடுத்தனூர் நடுகல் தனியாகச் சொல்லத்தக்கது. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் எடுத்த கல் அது. எருமைகளை மீட்கும் சண்டையில் இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கானது. அவன் அருகில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்து அவனைக் காத்து நின்றது என்றும் கல் சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு கிராமம், இறந்த வீரனோடு அவன் நாயின் பெயரையும் மறக்கக் கூடாது என்று கல்வெட்டியிருக்கிறது. மன்னர்களின் மெய்க்கீர்த்திகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கல் வேறொரு தமிழகத்தைக் காட்டும்.

நடுகற்களைப் பார்க்கப் போவதற்குத் தனி நடைமுறை உண்டு. பல கற்கள் இன்றும் வழிபாட்டில் இருக்கின்றன. வேடியப்பன் என்ற பெயரில் பொங்கலிட்டுக் கும்பிடுகிறார்கள். ஆகவே ஊருக்குள் நுழைந்ததும் முதலில் டீக்கடையில் விசாரிக்க வேண்டும், நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு வரப்பில் இறங்க வேண்டும், கல்லின் முன் செருப்பைக் கழற்ற வேண்டும். 'நடுகல் எங்கே' என்று கேட்டால் தெரியாது என்பவரும் 'வேடியப்பன் கோயில்' என்றால் கூடவே வந்து காட்டுவார். எழுத்துத் தெரியவில்லையென்று சாக்பீஸ் தேய்ப்பதோ எண்ணெய் தடவுவதோ கூடவே கூடாது. காலை ஏழு, எட்டு மணியளவில் வெயில் சாய்வாக விழும்போது பொறிப்பு தானாகவே துலங்கும். முன்கூட்டி 'செங்கம் நடுகற்கள்' நூலைப் பார்த்து ஊர்ப் பெயர்களைக் குறித்துக்கொண்டு, இரண்டு மூன்று கற்களை மட்டும் தேர்ந்தெடுப்பது நல்லது. தண்டராம்பட்டுப் பக்கம் போகிறவர்கள் மோட்டூரில் மனித உருவில் அமைந்த பெருங்கற்காலக் கல்லையும் பார்க்கலாம். நடுகற்களைவிடப் பல நூற்றாண்டுகள் பழையது.

நான்காம் நாளிலிருந்து ஜவ்வாது மலை. திருவண்ணாமலையிலிருந்து போளூர், அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஜமுனாமரத்தூர். இங்கே குறைந்தது இரண்டு இரவு தங்க வேண்டும். மலையாளி என்ற பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர்கள் மலை முழுக்கப் பரவியிருக்கின்றன. சாமை, தினை, பலா, புளி, தேன் இவைதான் மலையின் விளைச்சல். பெருங்கௌசிகனார் சொல்லும் விருந்தில் தினைச்சோறும், மூங்கில் குழாயில் ஊறிய தேன்கள்ளும், பலாக்கொட்டை மாவும் மோரும் புளியும் சேர்த்துச் சமைத்த மூங்கிலரிசியும் வருகின்றன. தேன்கள்ளை எதிர்பார்த்துப் போக வேண்டாம்; ஆனால் சொல்லி வைத்தால் சாமைச்சோறும் கீரைக் குழம்பும் கிடைக்கும். அதை விட்டுவிட்டு அங்கேயும் பரோட்டா தேடுவது பெரிய இழப்பு.

பீமன் அருவி மழைக்குப் பிந்தைய வாரங்களில்தான் அருவி. கோடையில் பாறை மட்டும் இருக்கும். காடுகளுக்குள் கற்பலகைகளை நிறுத்தி மேலே மூடிய கற்திட்டைகள் உண்டு. வாலியர் என்ற குள்ள மனிதர்கள் கட்டியவை என்று ஊர் மக்கள் கதை சொல்வார்கள். அங்கே போக உள்ளூர் ஆள் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்வது மிக அவசியம், இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, பாதை. மற்றது பிழைப்பு. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற இருபது பேரில் இந்த மலையடிவாரத்தவர்களும் இருந்தார்கள். மலையில் கூலிக்கு வழியில்லாததால் வெளியே போனவர்கள் அவர்கள். பயணி கொடுக்கும் பணம் ஜமுனாமரத்தூர் வழிகாட்டிக்கும், தேன் விற்கும் பெண்ணுக்கும், சாமைச்சோறு பொங்கிய வீட்டுக்கும் நேரடியாகப் போய்ச் சேர வேண்டும். பேரம் பேசுவதை இங்கே விட்டுவிடலாம். மலைபடுகடாமில் வழி தவறிய கூத்தர்களின் ஓசை கேட்டுக் காவலை விட்டு ஓடி வந்து, பழம் கொடுத்து, கூடவே நடந்து வழி காட்டும் கானவர்களின் மலை இது.

ஓர் இரவைக் காவலூருக்கு வைக்க வேண்டும். ஆலங்காயம் செல்லும் வழியில், 725 மீட்டர் உயரத்தில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. நகரங்களின் வெளிச்சம் எட்டாத இருட்டுக்காக 1960-களின் கடைசியில் தேர்ந்தெடுத்த இடம். இங்கிருந்த தொலைநோக்கிகள் 1972-இல் வியாழனின் துணைக்கோள் கானிமீடுக்கு வளிமண்டலம் இருப்பதற்கான தடயத்தையும், 1977-இல் யுரேனசைச் சுற்றி வளையங்கள் இருப்பதையும் கண்டறிவதில் பங்கெடுத்தன. முழுக்க இந்தியாவிலேயே உருவாக்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியும் வானாய்வகமும் 1986 ஜனவரியில் வைணு பாப்புவின் பெயரைப் பெற்றன. பொதுமக்களுக்குச் சனிக்கிழமைகளில் அனுமதி உண்டு. வானம் தெளிவாக இருந்தால் சிறிய தொலைநோக்கி ஒன்றில் பார்க்கவும் விடுவார்கள். மழைக்காலத்தில் மேகமே தெரியும். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் அனுமதி நாளையும் நேரத்தையும் உறுதி செய்துகொண்டு, பயணத்தின் கிழமைகளை இதை வைத்தே பின்னோக்கிக் கணக்கிடுவது புத்திசாலித்தனம்: சனிக்கிழமை காவலூர் என்றால், புதன்கிழமை திருவண்ணாமலை.

மலை மேல் செல்போன் தொடர்பு பல இடங்களில் இருக்காது. ஜமுனாமரத்தூரை விட்டு நகர்ந்தால் பணம் எடுக்க வழி குறைவு. போளூரிலேயே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பஸ்கள் உண்டு, ஆனால் கடைசி பஸ்ஸின் நேரத்தை ஏறும்போதே நடத்துனரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் கம்பளி இல்லாமல் தூங்க முடியாது.

திரும்பும் நாளில் அரை நாள் மிச்சமிருந்தால் போளூரிலிருந்து திருமலை போகலாம். இராஜராஜனின் தமக்கை குந்தவையின் பெயரைத் தாங்கிய சமணப் பள்ளி, பாறையில் செதுக்கிய பதினாறடி உயர நேமிநாதர், இராஜேந்திர சோழனின் கங்கைப் படையெடுப்பைச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டு எல்லாம் ஒரே குன்றில் இருக்கின்றன. சம்புவராயர்களின் படைவீடும் பக்கத்தில்தான்; ஆனால் இரண்டையும் அரை நாளில் அடைக்க முயன்றால் இரண்டுமே கெடும். போளூர் ரயில் நிலையம் விழுப்புரம் – காட்பாடி பாதையில் இருக்கிறது. மாலை வண்டியைப் பிடித்துக் காட்பாடி போய்விட்டால் சென்னைக்கும் பெங்களூருவுக்கும் இரவு முழுக்க ரயில்கள் உண்டு.